கட்டடக்கலை மாணவருக்கு ஊர்களில் கொடுப்பனவுடன் களப்பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் எங்கள் ஊர் முன்பள்ளியின் விறாந்தை வடகிழக்கைப் பார்த்தபடி இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு வரும் மழை அந்த விறாந்தையை முழுவதுமாக நனைத்துவிடுவதால், பிள்ளைகளின் செருப்பும் குடையும் புத்தகப்பையும் வகுப்பறைக்குள்ளேயே குவிந்து கிடக்கும். சோளகம் வீசும் வைகாசி, ஆனியிலோ காற்று வரவேண்டிய தென்மேற்குப் பக்கத்தில் ஒரு யன்னலும் இல்லாத முழுச்சுவர் நிற்கிறது. தகரக் கூரையின் கீழே முப்பது பிள்ளைகள் பத்து மணிக்கே வியர்த்துச் சோர்ந்துவிடுகிறார்கள். கை கழுவும் தொட்டி வளர்ந்தவரின் இடுப்பளவு உயரத்தில் கட்டப்பட்டிருப்பதால், ஆசிரியை பழைய மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு பிள்ளையாக அதன்மேல் ஏற்றிப் பிடித்துக்கொண்டு கை கழுவுவிக்கிறார்.

இந்தக் கட்டடத்தை எழுப்பியவர்களில் எவரையும் நான் குறைகூற வரவில்லை. பணம் தந்தவர் ஊர்ப்பற்றோடு தந்தார். மேசன்மார் செப்பமாக வேலை செய்தார்கள். சீமெந்திலோ கம்பியிலோ களவு நடக்கவில்லை. ஆனால் படம் மட்டும் எங்கள் ஊருக்காகக் கீறப்பட்டதன்று. வேறொரு மாவட்டத்தில் கட்டப்பட்ட முன்பள்ளியின் படத்தைப் பிரதி எடுத்து, எங்கள் காணிக்கு அடங்கும்படி திருப்பி வைத்தார்கள். படத்தைத் திருப்பினால் காற்றும் மழையும் அதனோடு சேர்ந்து திரும்புவதில்லை என்பதை அப்போது ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

உள்ளூராட்சிச் சபை ஒன்றில் தொழினுட்ப உத்தியோகத்தராக 28 ஆண்டுகள் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் நான். இவ்வாறு பிரதி எடுக்கப்பட்ட படங்கள் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. கட்டடக் கோடு, காணி எல்லையிலிருந்து விட்ட இடைவெளி, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் ஆகியவற்றைப் பார்த்து, சரியாக இருந்தால் அனுமதிக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். சுண்ணாம்புக்கல்லின் மேல் குடியிருந்து, அதன் அடியில் ஊறும் நீரையே குடிக்கும் குடாநாட்டுக்கு அந்தத் தூரம் உயிர்நாடியானது. அதைப் பார்த்தது சரியே. ஆனால் அந்தக் கட்டடத்தில் இருக்கப்போகிறவர் யார், அவர் எங்கே உட்காருவார், எந்தக் காற்று அவர்மேல் படும் என்று கேட்பதற்கு எங்களிடம் ஆளும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை. அவற்றைக் கேட்பதற்கென்றே பல ஆண்டுகள் படிக்கும் எங்கள் பிள்ளைகளை, விடுமுறைக் காலத்தில் உரிய கொடுப்பனவு வழங்கி ஊர்களில் வேலை செய்ய வைக்கவேண்டும் என்பதை வற்புறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். முன்பள்ளியைப் புதிதாகக் கட்டுவதற்கு முந்திய ஆண்டில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கும் எங்கள் ஊர் மாணவி ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். கடற்றொழிலாளி ஒருவரின் மகள். உளச்சார்புப் பரீட்சையிலும் தேறி அந்தத் துறைக்குத் தெரிவானபோது, கட்டடக்கலை என்றால் பொறியியலா, படம் கீறுவதா என்று ஊரில் பலருக்கு விளங்கவில்லை. சனசமூக நிலையத்தார் கேட்டதற்கிணங்க, பழைய முன்பள்ளிக் கொட்டிலுக்கு அவள் தினமும் வரத் தொடங்கினாள்.

முதல் நாள் அவள் அளவுநாடாவை வெளியே எடுக்கவில்லை. கொட்டிலின் நான்கு பக்கமும் சிவப்புத் துணி நாடாக்களைக் கட்டித் தொங்கவிட்டு, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நண்பகலுக்கும் அவை எந்தப் பக்கம் அசைகின்றன என்று கொப்பியில் குறித்துக்கொண்டாள். மறுநாள் பிள்ளைகளின் உள்ளங்கையில் வெண்கட்டித் தூளைப் பூசி, சுவரில் எட்டும் உயரத்தில் தொடச் சொன்னாள். பிள்ளைகள் அதை விளையாட்டாகவே செய்தார்கள். சுவரெங்கும் பதிந்த சின்னக் கைகளை அளந்து, தொட்டியும் யன்னலடியும் புத்தகத் தட்டும் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று குறித்தாள். பிள்ளைகளை விட்டுவிட்டு வீடு திரும்ப வழியில்லாத தாய்மார் பதினொன்றரை மணிவரை தெருவோர வேப்பமரத்தின் கீழ் நிற்பதைக் கண்டு, அவர்கள் அமர்வதற்கு மதிலோடு சேர்த்து ஒரு திண்ணையைக் கீறினாள். முப்பது ஆண்டுகளாக நானும் அந்தத் தெருவால் போய்வருகிறேன். அவர்கள் நிற்பது என் கண்ணில் படாமல் இருந்ததில்லை, ஆனால் அது கட்டடத்தோடு தொடர்புடைய விடயம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மூன்றாம் கிழமை அவள் கொழும்புக்குப் போய்விட்டாள். அங்கே ஓர் அலுவலகம் கணினியில் படம் கீறும் வேலைக்கு மாதம் ஒரு தொகை தருவதாக அழைத்திருந்தது. “மாமா, லப்டொப் எடுத்த காசு மாதா மாதம் கட்டவேணும், நான் இங்க நின்றால் அது கட்டுப்படாது” என்று சொல்லி, முடியாத படங்களை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். அவள் செய்தது சரி. அந்த நேரத்தில் எங்கள் நிலையத்தின் கணக்கில் காசு இருந்தது. கல்லுக்கும் மண்ணுக்கும் என்று ஒதுக்கி வைத்த காசில் ஒரு சிறு பங்கை, அந்தக் கல்லை எங்கே வைப்பது என்று சொல்லக்கூடிய பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்தத் துறையிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கும் தோன்றவில்லை. ஐந்து மாதத்தின் பின்னர் பிரதி எடுத்த படம் வந்தது, கட்டடமும் எழுந்தது. அவள் தந்துவிட்டுப் போன படங்கள் இன்றும் என் அலுமாரியில் இருக்கின்றன.

ஊருக்குச் செய்யும் வேலைக்குக் காசு எதற்கு, சிரமதானத்துக்கு எவரும் கூலி கேட்பதில்லையே என்று சிலர் நினைக்கக்கூடும். சிரமதானத்துக்கு வருகிறவர் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடுகிறார், மறுநாள் தன் தொழிலைப் பார்க்கிறார். ஒரு மாணவரிடம் பத்துக் கிழமையைக் கேட்பது அப்படியானதன்று. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாட்டின் குறைந்தபட்ச மாத வேதனம் 27,000 ரூபாவாக்கப்பட்டது. இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையில், கட்டட மாதிரி செய்யும் அட்டைக்கும் பெரிய தாளில் படம் அச்செடுக்கவும் மடிகணினிக் கடனுக்கும் காசு தேடித் தவிக்கும் பிள்ளையிடம், விடுமுறையை ஊருக்குத் தா என்று வெறுங்கையோடு கேட்பது நியாயமாகாது. அப்படிக் கேட்டால், வீட்டில் வசதியுள்ள பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். கிணற்றடியையும் மீன்வாடியையும் குத்தகைத் தோட்டத்தையும் அறிந்து வளர்ந்த பிள்ளைகள் வரமுடியாது. வேலை அரைவாசியில் நின்றாலும் முடித்துத் தா என்று கேட்கும் உரிமை, காசு கொடுக்காத ஊருக்கு இல்லை என்பதையும் நாங்கள் அனுபவத்தில் கண்டுவிட்டோம். பிரித்தானியக் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவகம் தன்னிடம் பதிவுபெற்ற அலுவலகங்கள் பயிற்சி மாணவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச வேதனத்தையாவது கொடுத்தாகவேண்டும் என்று 2011 ஆம் ஆண்டிலேயே விதித்ததற்கும், மாணவரின் உழைப்பு இலவசமாகப் பெறப்படக்கூடாது என்பதே காரணம்.

வெளிநாடுகளில் இதற்கு வழக்கம் ஏற்பட்டுப் பல காலமாகிறது. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து வடிவமைப்புப் பீடம், கோடை விடுமுறையில் மாணவர்கள் சமூக அமைப்புகளோடு வேலை செய்யக் கொடுப்பனவு வழங்குகிறது. படிப்பை முடித்த இளம் கட்டடக்கலைஞரை உள்ளூர் வீடமைப்பு அமைப்புகளில் சம்பளத்துடன் அமர்த்தும் ‘ரோஸ்’ நல்கைத் திட்டம் அங்கே 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அலபாமா மாநிலத்தின் வறிய கிராமப்புறமான ஹேல் பகுதியில் ஓபர்ன் பல்கலைக்கழகம் 1993 இல் ஆரம்பித்த ‘ரூரல் ஸ்ரூடியோ’, மாணவர்களையே அங்கு குடியிருத்தி, அவ்வூர் மக்களுக்கு வீடுகளையும் பொதுக் கட்டடங்களையும் மாணவர் கையாலேயே கட்டுவித்து வருகிறது. எங்களுக்கு இன்னும் கிட்டிய எடுத்துக்காட்டு பங்களாதேசத்தின் ருத்ராபூர் கிராமத்துப் பள்ளிக்கூடம். மண்ணாலும் மூங்கிலாலும் அவ்வூர் வேலையாட்களைக் கொண்டு கட்டப்பட்டு 2007 இல் ஆகாகான் கட்டடக்கலை விருது பெற்ற அந்தப் பள்ளி, அன்னா ஹெரிங்கர் ஒஸ்திரியாவில் மாணவியாக இருந்தபோது தன் பட்டப்படிப்புக்காகத் தயாரித்த திட்டத்திலிருந்து உருவானது. மாணவர் கீறிய படம் என்றால் பரீட்சைத் தாள் மட்டும்தான் என்று எண்ணுவோர் அதைக் கவனிக்கவேண்டும்.

இதை அந்நியமான வழக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1948 இல் மேற்சொன்ன பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண், எங்கள் நாட்டுக் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா, 1950 களில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியருக்கான வீடமைப்புத் திட்டத்தை மேற்கொண்டபோது, குடியேறவிருந்த குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்களுடைய பழக்கவழக்கமும் தேவையும் அறிந்த பின்னரே வீட்டு வகைகளை வகுத்தார். அவருக்கும் முன்னே எங்கள் ஊர்களில் கட்டடம் என்பது பிறரை நினைத்து எழுப்பப்பட்டதாகவே இருந்தது. பருத்தித்துறைத் தெருமூடி மடத்தின் கீழே வெயில் நேரத்தில் ஒருமுறை நடந்து பார்த்தவருக்கு அது விளங்கும். தெரு அப்படியே ஊடறுத்துச் செல்ல, இருபுறமும் திண்ணை வைத்து, கல்தூண் நிறுத்தி, தெருவுக்கே கூரை போட்டிருக்கிறார்கள். மடத்துக்குள் வா என்று வழிப்போக்கரை அழைக்காமல், அவர் நடக்கும் வழியிலேயே மடத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். படலைக்கு மேலே கூரை வேய்ந்த சங்கடப்படலை, தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றத்தக்க உயரத்தில் அமைந்த சுமைதாங்கி, மாடு உரஞ்சுவதற்கென்று கேணியருகே நட்ட ஆவுரஞ்சிக்கல் ஆகிய எல்லாவற்றிலும், பயன்படுத்தப்போகும் உயிரின் உயரமும் களைப்பும் முதலில் அளக்கப்பட்டிருக்கின்றன. வெண்கட்டித் தூளோடு அந்த மாணவி செய்ததும் அதைத்தான்.

போருக்குப் பின்னர் வடக்கில் கட்டப்பட்டவற்றை நினைத்துப் பார்க்கும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ்க் குடும்பம் ஒன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டு, வீட்டுக்காரரே தம் வீட்டைக் கட்டினார்கள். மக்கள் கையில் பொறுப்பைக் கொடுத்த அந்த முறை நல்ல முறை. வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் கூரையின் கீழ் வந்தன. ஆனால் அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழுந்ததா என்று பார்த்துப் பணத்தை விடுவிக்க உத்தியோகத்தர்கள் இருந்த அளவுக்கு, குடும்பத்தோடு பாயில் இருந்து பேசி, இந்தக் காசுக்கு எந்த அளவில் கட்டினால் கடன்படாமல் முடிக்கலாம், சமையலறையை எந்த மூலையில் வைத்தால் புகை வீட்டுக்குள் வராது என்று சொல்லித்தர ஆட்கள் இருக்கவில்லை. வீட்டைப் பெரிதாகத் தொடங்கிக் கடனில் விழுந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பின்னர் 65,000 இரும்பு வீடுகளை அமைக்கும் யோசனை வந்து, எங்கள் வெப்பத்துக்கும் உப்புக்காற்றுக்கும் அவை ஒவ்வாதவை என்று பலர் வாதாடி அது கைவிடப்பட்டது. அந்த நேரத்தில் ஊர் ஊராக அளந்து கீறிய மாற்றுப் படங்கள் எங்கள் கையில் இருந்திருந்தால், வேண்டாம் என்பதோடு நில்லாமல் இதுதான் வேண்டும் என்றும் காட்டியிருக்கலாம்.

மாணவர் அனுபவமற்றவர், பொதுமக்களின் கட்டடத்தில் அவர்கள் பரீட்சை பார்க்கலாமா என்ற கேள்வி நியாயமானது. எனவே, பட்டயம் பெற்ற கட்டடக்கலைஞர் ஒருவர் ஒவ்வொரு ஊருக்கும் பொறுப்பாக இருந்து, படங்களில் கையெழுத்திட வேண்டும். கொங்கிறீற் வேலை வருமிடத்தில் பொறியியலாளரும் பார்க்கவேண்டும். முதலாண்டு மாணவரை விட்டு மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவரையே தெரிவுசெய்யலாம். வேலையும் பத்துக் கிழமைக்குள் அளந்து, கீறி, கட்டி முடிக்கத்தக்க சிறு வேலையாக இருக்கவேண்டும். எங்கள் வாசிகசாலைகள் பலவற்றின் வாசலில் மூன்று படி இருக்கிறது. போரில் காலை இழந்தவரும் முதியவரும் பத்திரிகை படிக்க உள்ளே வர ஒரு சாய்வுப் பாதை கட்டுவது அத்தகைய வேலை. பவுசரில் வரும் தண்ணீருக்காகத் தீவகத்துப் பெண்கள் குடத்தோடு காத்திருக்கும் இடத்துக்கு நிழலும் குடம் வைக்கும் மேடையும் அமைப்பது மற்றொன்று. எதைச் செய்வது என்பதை ஊர்க் கூட்டத்தில் ஊரே தீர்மானிக்கட்டும். மாணவர் கீறிய படத்தை மேசன் ஒருவர் பார்த்து, இது நடவாது என்று சொன்னால், அதற்குச் செவிகொடுக்கவும் அவர்கள் பழகவேண்டும். சுண்ணாம்புக்கல்லையும் பனைச் சிலாகையையும் பற்றி எங்கள் மேசன்மாரும் தச்சரும் அறிந்தவை எந்தப் பாடத்திட்டத்திலும் முழுமையாக இல்லை. காலத்தைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக விடுமுறையோடு பொருந்துமாயின் ஆடி, ஆவணியே தோதானது. ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டால் வெளிவேலை நடவாது.

செலவையும் கணக்கிட்டுப் பார்த்தேன். முதலில் மூன்று ஊர்கள், ஊருக்கு இரண்டு மாணவர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 45,000 ரூபாப்படி பத்துக் கிழமைக்கு ஒருவருக்கு 112,500 ரூபா. அறுவருக்கும் 675,000 ரூபா. ஊருக்கு 3 இலட்சம் ரூபாப்படி கட்டடப் பொருளுக்கும் கூலிக்கும் 9 இலட்சம். பொறுப்பான கட்டடக்கலைஞருக்கும் போக்குவரத்துக்கும் 4 இலட்சம். எல்லாம் சேர்ந்து 20 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் ஊர் பார்த்துக்கொள்ளும். இது எங்கள் ஊர்களுக்குப் பெரிய காரியமன்று.

2025 மே மாதத் தேர்தலின் பின்னர் உள்ளூராட்சிச் சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கனடாவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இயங்கும் ஊர்ச் சங்கங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மண்டபத்துக்கும் வாசிகசாலைக்கும் முன்பள்ளிக்கும் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் ஐந்து ரூபாவை, அந்தக் கட்டடத்தை யாருக்காக எப்படிக் கட்டுவது என்று ஊரோடு இருந்து பார்க்கும் மாணவருக்கென்று எழுதி அனுப்புங்கள். பெயர்க் கல்லில் அந்த ஐந்து ரூபா தெரியாது; பிள்ளையின் முகத்தில் படும் காற்றில் தெரியும். மாகாண நிர்வாகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தை நடத்தும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தோடு பேசி, இந்தப் பத்துக் கிழமையையும் மாணவரின் செயன்முறைப் பயிற்சிக் காலத்தில் கணக்கிடச் செய்தால், வருகிற பிள்ளைகளுக்கு இழப்பு எதுவும் இராது. யாழ்ப்பாணத்தில் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு இல்லாததால், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளிப் போய்ப் படிக்கும் எங்கள் பிள்ளைகள் தம் மண்ணின் காற்றையும் கல்லையும் பயில்வதற்கு இப்போதைக்கு விடுமுறைக் காலமே இருக்கிறது.

எங்கள் ஊரைப் பொறுத்தவரை, சனசமூக நிலையத்தின் கடந்த மாதக் கூட்டத்தில் இதை முன்வைத்தேன். ஒரு மாணவரின் பத்துக் கிழமைக் கொடுப்பனவை நிலையத்தின் சேமிப்பிலிருந்து தருவதென்று தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. இரண்டாவது மாணவரின் கொடுப்பனவை என் ஓய்வூதியத்திலிருந்து மாதா மாதம் சேர்த்து வருகிறேன். என் வீட்டின் முன்னறைகள் இரண்டும் வெறுமையாக இருக்கின்றன. மேசையும் விளக்கும் போட்டாயிற்று. முன்பள்ளியின் தென்மேற்குச் சுவரில் யன்னல் திறப்பதும், வடகிழக்கு விறாந்தைக்கு மழை மறைப்பு வைப்பதும், தொட்டியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி இறக்குவதும்தான் முதல் வேலை. அதற்கான அளவுகள் என் அலுமாரியில் உள்ள படங்களில் இருக்கின்றன.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர்,
வடமராட்சி.